ஏகாம்பரம் என்றால் கிறுக்கல்

திருத்தணியில் படிக்க முடியாத கையெழுத்துக்கு "ஏகாம்பரம்" என்று பெயர். டாக்டர் சீட்டைப் பார்த்தால், "ஒரே ஏகாம்பரமா கீதே" என்பார்கள். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் கேட்கிறார்கள். வேறு எங்கிருந்து? என்னிடமிருந்துதான்.

லாரி புக்கிங் ஆபீஸில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்தேன். மூட்டை மேல் மார்க்கரால் ஊர்ப் பெயர் எழுதுவது என் வேலை. முதல் நாளே முதலாளி, "இன்னாயா இது, கோழி கிளறின குப்பையாட்டம்?" என்றார். லோடுமேன் முனுசாமி கோழியை விட்டுவிட்டு என் பெயரைப் பிடித்துக்கொண்டார். அவர் வாயிலிருந்து டீக்கடைக்குப் போனது, அங்கிருந்து ஊர் முழுக்கப் பரவியது.

எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் நாலாவது படித்த என் மகள் ஒருநாள் அழுதுகொண்டு வந்தாள். நோட்டில் டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "இது என்ன ஏகாம்பரமா?"

"நைனா, உன் பேர வச்சி திட்றாங்க."

அன்றே நாலு கோடு நோட்டு வாங்கினேன். ஒரு மாதம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிப் பழகினேன். முத்து முத்தாக வந்தது. அடுத்த நாள் எல்லா மூட்டையிலும் அப்படியே எழுதிவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் போன் மேல் போன். ஆர்.கே.பேட்டை தறிக்காரருக்குப் போக வேண்டிய நூல் மூட்டை கனகம்மாசத்திரம் ஓட்டலில் இறங்கியிருந்தது. ஓட்டலுக்குப் போக வேண்டிய உளுந்து தறி வாசலில் கிடந்தது.

"உனுக்குப் படிக்கத் தெரியாதா?" என்று முதலாளி முனுசாமியிடம் கத்தினார்.

"நல்லா தெரியும் மொதலாளி. லாரி ஸ்டார்ட்ல நின்னுகினு கீது, யாரு எழுத்துக் கூட்டிகினு இருப்பாங்க? ஆடு படுத்தாப்ல இருந்தா ஆர்.கே.பேட்டை. பாம்பு நெளிஞ்சாப்ல இருந்தா சத்திரம். இத்தினி வருசத்துல ஒரு மூட்ட மாறிச்சா? அண்ணன் திடீர்னு எல்லாத்தையும் அழகா எழுதி வச்சிட்டாரு!"

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நாளைலேர்ந்து ஒழுங்கு மரியாதையா ஏகாம்பரமா எழுது."

அதுதான் வரவில்லை. கை பழசை மறந்துவிட்டது. முனுசாமி சாக்பீஸை எடுத்து ஷட்டரில் வரைந்து, என் கையெழுத்தை எனக்கே சொல்லிக்கொடுத்தார். "ஆட்டுக்குத் தல இவ்ளோ பெருசு வராதுண்ணே." வெட்கமாகத்தான் இருந்தது. எதையும் திருத்துவதற்கு முன்னால் மூட்டை தூக்குகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து, "இந்தப் பேரு இனிமே போவாது கண்ணு" என்று மகளிடம் நடந்ததைச் சொன்னேன். அழுவாள் என்று பயந்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அந்த டீச்சர ஆர்.கே.பேட்டைக்கு ஒரு மூட்ட அனுப்பச் சொல்லு நைனா, பாக்கலாம்!"