எங்க குடும்பத்துல யாருக்கும் இல்ல

எதிர் இருக்கைக்காரரின் மூக்குக்கண்ணாடி இடப்பக்கம் ஒரு நூலளவு இறங்கியிருக்கிறது. கண்ணாடிக்கடை வைத்திருக்கும் கண்ணாடிக்காரருக்கு அதற்குமேல் இருப்புக்கொள்ளவில்லை. பேருந்து அடுத்த நிறுத்தத்தை எட்டுவதற்குள் முன்னால் சாய்ந்துவிட்டார். "தப்பா நினைக்காதீங்க, அதைக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க." முன்பின் தெரியாதவர்களும் எப்படியோ கழற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். சட்டைப்பையிலிருந்து விரல் நீளத் திருப்புளி ஒன்று வெளியே வரும். ஒரு திருகு, ஒரு வளைப்பு, காதுப்பக்கம் ஓர் அழுத்தம். திரும்ப மாட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்து, "இப்ப உலகம் நேரா இருக்கா?" என்பார். பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் முன்பே நேராகத்தான் இருந்தது என்பார்கள். அவர்களை அவர் நம்புவதில்லை.

ஐம்பதை எட்டப்போகிற மனிதர். கடை ஒடுக்கமானது; எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் ஒருக்களித்து நிற்க வேண்டும். முன்பக்கம் ஃபிரேம்கள், பின்னால் திரைக்கு அப்பால் லென்ஸ் தேய்க்கும் எந்திரம். தண்ணீர் சொட்டச் சொட்ட அது எழுப்பும் கீச்சொலியில் பழகிப்போய், வீட்டிலும் உரக்கத்தான் பேசுவார். வாடிக்கையாளர்களின் பெயர்கள் நினைவில் நிற்பதில்லை. "மைனஸ் ரெண்டு வந்தாரே, அவருக்கு மாத்தலாயிடுச்சாம்" என்பார். கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைப்பவரைக் கண்டால், "துணி எதுக்கு, உப்புத்தாள் தரேன், நல்லாத் தேய்ங்க" என்று சொல்லாமல் விடமாட்டார். இதனால் ஒன்றிரண்டு வாடிக்கையாளர்கள் போயே போய்விட்டார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. சொன்ன கதையையே சொல்வார். எதிரில் இருப்பவர் என்ன பேசினாலும் அவர் பார்வை ஃபிரேமின் மேல்தான் இருக்கும். "நான் அழுதாக்கூட, கண்ணாடி கறையாகுதேன்னுதான் இவருக்குக் கவலை" என்பது மனைவியின் நெடுநாள் குற்றச்சாட்டு.

அந்த மனைவி கடைக்கு வாடிக்கையாளராக வந்தவள். இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. முதல் கணவர் பதினான்கு மாதம் குடும்பம் நடத்திவிட்டு, குழந்தை தொட்டிலில் கிடக்கும்போதே விலகிப் போய்விட்டிருந்தார். குழந்தைக்கு அந்த வயதிலேயே கண்ணாடி. மாட்டிவிட்ட மறுகணம் பிடுங்கி எறியும். ஒரே மாதத்தில் மூன்று முறை உடைந்த ஃபிரேமோடு வந்து நின்றாள் அந்தப் பெண். எப்படிக் கல்யாணம் ஆயிற்று என்று யாராவது கேட்டால் கண்ணாடிக்காரர் சொல்லும் பதில் இதுதான்: "நாலாவது தடவை உடைஞ்சுது. நானே வீட்டுக்கு வந்து பாக்கறேன்னேன். போனவன் திரும்பல."

பிள்ளை வளர்வதைச் சுவரில் கோடு போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. இவர் அளந்தது கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரத்தை. நான்கு வயதில் நாற்பத்தெட்டு மில்லிமீட்டர். பத்து வயதில் ஐம்பத்து நான்கு. இப்போது பதினைந்து வயதில் ஐம்பத்தொன்பது. அவளுடைய லென்ஸை வேறு யாரும் தேய்த்ததில்லை. அவள் அவரை அப்பா என்று எப்போது கூப்பிடத் தொடங்கினாள் என்பது மூன்று பேருக்குமே ஞாபகம் இல்லை. தன்னைப் பெற்றவர் வேறொருவர் என்பது அவளுக்குத் தெரியும். வீட்டில் யாரும் அதை மூடி வைத்ததில்லை. தினமும் திறந்து பார்க்கிற விஷயமும் இல்லை அது.

அண்மையில் அவளுக்குப் பவர் கூடியதாகத் தோன்றியதால் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனார். டாக்டரம்மா கண் அழுத்தத்தை அளந்தார். இன்னொரு முறை அளந்தார்.

"இருபத்து மூணு. கொஞ்சம் மேல இருக்கு. குடும்பத்துல யாருக்காவது கண் அழுத்தம் இருக்கா? சின்ன வயசுலயே பார்வை போனவங்க?"

"எங்க குடும்பத்துலயா!" கண்ணாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாருக்கும் இல்ல டாக்டர். எங்கப்பா எண்பத்திரண்டு வயசுல ஊசியில நூல் கோப்பாரு. எங்க அத்தை தெருக்கோடியில வர்றவங்க செருப்புக் கிழிஞ்சிருக்குன்னு சொல்லுவாங்க. நல்ல கண்ணு, எங்க ஆளுங்களுக்கு."

டாக்டரம்மா புன்னகையோடு அதைக் குறித்துக்கொண்டார். "அப்ப பயப்பட ஒண்ணுமில்ல. ஒரு வருஷம் கழிச்சு வாங்க."

மகள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

நான்காம் நாள் காலை. சவரம் செய்துகொண்டிருந்தவர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். கத்தி பாதிக் கன்னத்தில் நின்றது. ஒரு பக்கம் நுரையோடு சமையலறை வாசலுக்கு வந்தார்.

"டாக்டர்கிட்ட தப்பாச் சொல்லிட்டேன்."

"என்னத்த?"

"நம்ம குடும்பத்துல யாருக்கும் கண்ணு கெட்டதில்லன்னு."

"ஆமா, கெட்டதில்லதானே?" என்றாள் மனைவி. சொல்லி முடித்த பிறகுதான் கையிலிருந்த கரண்டி அசையாமல் நின்றது.

அடுப்பை அணைத்தாள். "இவளைப் பெத்தவரோட அம்மா உள் ரூமை விட்டு வரவே மாட்டாங்க. நடந்தாலும் சுவத்தைத் தொட்டுத் தொட்டுத்தான் நடப்பாங்க. வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்." விரல்விட்டு எண்ணினாள். "இப்பத்தான் கணக்குப் போடறேன். அப்ப அவங்களுக்கு அம்பதுகூட இருக்காதுங்க."

மகள் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வந்து நின்றாள். "என் கண்ணைப் பத்தி நான் இல்லாமப் பேசறீங்களா?"

சொன்னார்கள்.

"அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியுமா? தெரிஞ்சா வாயில என்ன, கொழுக்கட்டையா?" கண்ணாடிக்காரருக்கு உண்மையிலேயே கோபம். "கண்ணுடீ! கண்ணு விஷயம்!"

"நீங்க அவ்ளோ ஜோரா சொல்லிட்டிருந்தீங்கப்பா. நடுவுல எப்படிச் சொல்றது? ‘டாக்டர், இவரு சொல்றது எனக்குச் சேராது’ன்னா?"

அவர் திரும்பிப் போய் மீதிக் கன்னத்தை மழித்தார். இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டார்.

மறந்தவர் மறந்ததற்கு வருந்துவது நியாயம். ஆனால் எதை மறந்தார் என்று யோசித்தால் அந்த வருத்தம் சற்றுச் சிக்கலானது. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒவ்வொரு நாளாகச் சேர்ந்த மறதி அது. அதைச் செல்லாது என்று சொல்ல ஒரு கேள்வி போதுமாயிருந்தது. அதற்குப் பதில் தெரிந்த முதல் கணவர் இரண்டு பேருந்து தூரத்தில் இருந்தார். கண்ணாடிக்காரர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. போய்க் கேட்டால், மகளைப் பார்க்க வேண்டும் என்பார். பார்த்தால் அடிக்கடி வருவார். இந்தப் பயம் அவருக்குள் இருந்ததை மனைவி அறிவாள்.

"நான் போறேன்" என்றாள்.

"வேணாம். தப்பாச் சொன்னது நான்."

உறவுமுறைக்கு நம்மிடம் சொற்பஞ்சம் கிடையாது. சகலை, சம்பந்தி, ஓரகத்தி என்று யாருக்கு யாரானாலும் ஒரு சொல் உண்டு. ஆனால் அன்று மூன்றாம் மாடியில் கதவின் இருபக்கமும் நின்ற இரு ஆண்களுக்கு, ஒருவரையொருவர் கூப்பிட ஒரு சொல்லும் இல்லை. "நான்…" என்று தொடங்கினார் கண்ணாடிக்காரர். "தெரியுது, உள்ள வாங்க" என்றார் கதவைத் திறந்தவர். திரும்பும்போது கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார்.

மேசைமேல் சின்னச் சின்னச் சொட்டு மருந்துக் குப்பிகள் வரிசையாக இருந்தன. கண்ணாடிக்காரர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் நடுவுல வந்து உக்காருங்க. பக்கவாட்டுல எனக்குத் தெரியாது."

நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கேட்க வந்த கேள்விக்குக் கேட்காமலே பதில் கிடைத்துவிட்டது. ஆனாலும் கேட்டார். அம்மாவுக்கு நாற்பதில் பார்வை போயிற்று. பெரியப்பாவுக்கு அதற்கும் முன்பே. தனக்கு முப்பத்தைந்தில் கண்டுபிடித்தார்கள், அதற்குள் பாதி போய்விட்டது. முதல் கணவர் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். மருத்துவக் கோப்பையே எடுத்துக் கையில் கொடுத்தார்.

"அவளுக்கு எவ்வளவு பவர்?"

"மைனஸ் அஞ்சரை."

"எனக்கும் அந்த வயசுல அவ்வளவுதான்." மேசைமேலிருந்த ஒரு குப்பியை நகர்த்தி வைத்தபடி, "நல்லாப் படிக்கிறாளா?"

கண்ணாடிக்காரர் ஒரு வரியில் பதில் சொல்லத்தான் நினைத்தார். கணக்கு என்றால் உயிர், வரலாறு என்றால் தூக்கம் என்று தொடங்கியது. நீச்சலில் கண்ணாடி இல்லாமல் எதிர்ச் சுவரில் முட்டிக்கொண்டது, நாய்க்குப் பயந்து தெருவைச் சுற்றிக்கொண்டு வருவது, அம்மாவிடம் வாய்க்கு வாய் பேசுவது, கோபம் வந்தால் மட்டும் தன்னை ‘சார்’ என்பது என்று நீண்டுகொண்டே போயிற்று. திடீரென்று, யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்து நிறுத்தினார்.

"சொல்லுங்க" என்றார் மற்றவர்.

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் கண்ணாடிக்காரர். மூக்குக்கண்ணாடி வலப்பக்கம் நன்றாகவே இறங்கியிருந்தது. மூக்கில் பதியும் இடம் புண்ணாகிச் சிவந்திருந்தது. எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்? "தப்பா நினைக்காதீங்க" என்று கையை நீட்டினார். திருகு தளர்ந்து கிடந்தது. முடுக்கி, மூக்குத் தாங்கியை விரித்து, இரு கைகளாலும் மாட்டிவிட்டார். உலகம் நேராக இருக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லை.

வாசல்வரை வந்தார் முதல் கணவர். "பத்து வருஷமா சொட்டு விடறேன். ஒருநாள் தப்பினதில்ல. அவளுக்கும் வரலாமேன்னு ஒருநாளும் தோணல பாருங்க." வெட்கமா வியப்பா என்று பிரித்தறிய முடியாத குரல் அது. "பாக்கணும்னு கேக்க மாட்டேன். கேக்கற மாதிரி நான் ஒண்ணும் செய்யல."

வரும்போது அதே பயத்தோடுதான் வந்தார் கண்ணாடிக்காரர். இரண்டு படி இறங்கிவிட்டு நின்றார். "அவ கேட்டா கூட்டிட்டு வர்றேன்" என்று மேலே பார்த்துச் சொன்னார். வழக்கம்போல உரக்கத்தான்.

மறுநாளே மகளோடு டாக்டரம்மாவின் எதிரில் உட்கார்ந்து மருத்துவக் கோப்பை நீட்டினார். டாக்டரம்மா பக்கங்களைப் புரட்டப் புரட்ட நெற்றி சுருங்கியது.

"அன்னைக்கு யாருக்கும் இல்லன்னீங்களே சார்?"

"அன்னைக்கு என் குடும்பத்தச் சொல்லிட்டேன்."

"இது யாரு?"

"அவளப் பெத்தவரு." குரல் முதன்முறையாகத் தாழ்ந்திருந்தது. "நான் வளத்தவன். அந்த நேரத்துல… ஞாபகம் வரல டாக்டர்."

டாக்டரம்மா மகளை இருட்டறைக்கு அழைத்துப் போய், ஓரப் பார்வையை அளந்தார். கண் நரம்பைப் படமெடுத்தார். முக்கால் மணி நேரம் கண்ணாடிக்காரர் சுவரிலிருந்த எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரிவரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. அவருக்கு அன்று அது பிடிக்கவில்லை.

கண் அழுத்த நோய் தொடங்கியிருந்தது. பார்வை இன்னும் துளியும் போகவில்லை. "ஒரு வருஷம் விட்டிருந்தா இப்படிச் சொல்லியிருக்க முடியாது. தினம் சொட்டு விட்டா இப்படியே காப்பாத்திடலாம்" என்றார் டாக்டரம்மா. மருந்தை எழுதினார். எழுதியபடியே, இந்த நோய்க்காரர்கள் எல்லோரிடமும் சொல்வதை வாய்ப் பழக்கமாக இவர்களிடமும் சொன்னார்: "இது பரம்பரையா வர்றது. அதனால அப்பா, கூடப்பிறந்தவங்க, எல்லாரும் ஒருதடவை பாத்துக்கணும்."

"சரிங்க டாக்டர்" என்றார் கண்ணாடிக்காரர்.

டாக்டரம்மா நிமிர்ந்தபோது அவர் எழுந்து, மகள் இறங்கிய உயர நாற்காலியில் ஏறியிருந்தார். டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகள் அவரைப் பார்த்து, மெல்லத் தலையை அசைத்தாள். கண்ணாடிக்காரர் அதைக் கவனிக்கவில்லை. முகவாயைக் கருவியின் தாங்கியில் பதித்து, நெற்றியைப் பட்டையோடு அழுத்தி, இரண்டு கண்களையும் அகல விரித்து, இமைக்காமல் காத்திருந்தார்.