மதுரைக்குப் போகாத கொலுசு

எழுபதுகளின் கடைசியில் ஒரு காலை, சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். குருவிகுளம் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி ஒருவர் அருகில் வந்தார். குதிகால் வெடிப்பில் கரிசல் மண் ஒட்டியிருந்தது. தோள்துண்டின் முனையில் ஒரு முடிச்சு. நிமிஷத்துக்கு ஒரு தரம் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“சார், இங்கன வெள்ளி வாங்குத கடை எங்க இருக்கு? பொண்டாட்டி மதுரை ஆஸ்பத்திரியில கெடக்கா. அவ கொலுசை விக்கணும்.”

“மதுரைக்குத்தான போறீய அண்ணாச்சி? அங்க வித்தா நல்ல வெல கெடைக்குமே.”

அவர் முகம் மாறிவிட்டது.

“அந்த ஊர்லயா? கொலுசு விக்கப் போனவனைக் கள்ளன்னு சொல்லி வெட்டிப்போட்ட ஊருல்லா அது! எங்க அம்மன் கோயில் கொடையில விடிய விடிய வில்லுப்பாட்டுல பாடுவாவ சார்.”

“அது ராசா காலத்துக் கதை.”

“ராசா போயிட்டாரு, சரி. எனக்கு ஏதும் ஆச்சுன்னா நியாயம் கேக்க எம் பொண்டாட்டியால எந்திரிக்கக்கூட முடியாதே.”

மதுரையின் பழம்பெருமையைக் கல்லூரியில் பத்து வருஷமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவன் நான். கடையைக் காட்டினேன். கடைக்காரர் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வந்து என்னோடு பஸ் ஏறினார்.

மதுரையில் இறங்கியதும் எதிரே ஒரு போலீஸ்காரர் வந்தார். எங்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் இவர், இப்போது முடிச்சில்லாத தோள்துண்டை எடுத்து, அந்தப் போலீஸ்காரர் முன்னால் இரண்டு தரம் நன்றாக உதறிக் காட்டினார். பிறகுதான் ஆஸ்பத்திரியைப் பார்த்து வேகமாக நடந்தார்.