அருந்ததி பக்கமே திரும்பிய டெலஸ்கோப்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தாலே எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். எங்கள் தெருவில் எலுமிச்சம்பழம் மிளகாய் கட்டாத வாசல் என்னுடையது ஒன்றுதான், அதற்காக என் மனைவி சுமதியிடம் வாங்காத திட்டு இல்லை. ஆரணியில் ஒரு பட்டுக்கடையில் கம்ப்யூட்டரில் சேலை பார்டர் டிசைன் போடுவது என் வேலை. ஒரு இழை தப்பினால்கூடக் கண்ணில் பட்டுவிடும், கண்ணுக்குத் தெரியாததை நம்புகிற பழக்கம் எனக்குக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டு முடித்ததும் நீங்கள் என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்று தெரியும். பலபேர் அப்படிப் பார்த்தாகிவிட்டது.

வைகாசி மாதம் டெலஸ்கோப் பார்சல் வந்தது. சாதாரண டெலஸ்கோப் இல்லை, கம்ப்யூட்டர் வைத்தது. கையில் ரிமோட் மாதிரி ஒன்று இருக்கும், அதில் நட்சத்திரத்தின் பெயரைத் தட்டினால் மோட்டார் ஓடி, குழாய் தானாகத் திரும்பி அந்த நட்சத்திரத்துக்கு நேராகப் போய் நிற்கும். ரொம்ப நாள் ஆசை. வந்த நாள்தான் சரியில்லை. மறுநாள் காலையில் தனசேகருக்கு இரண்டாம் கல்யாணம். தனசேகர் என் அக்கா வசந்தாவின் புருஷன். மாமா, மாமா என்று கூப்பிட்ட இதே வாயால்தான் இப்போது அவன் என்று சொல்கிறேன், கேட்பவர்கள் மன்னிக்க வேண்டும். முள்ளிப்பட்டில் அவன் வீட்டு மாடிப்படியில் அக்கா உருண்டு விழுந்து செத்தாள் என்றார்கள். கழுத்தில் இருந்த விரல் தடத்தை நான் பார்த்தேன். போலீஸில் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள், அதோடு சரி. எங்களில் புதைப்பதுதான் வழக்கம், புதைத்துவிட்டு வந்தோம்.

அவனுக்குப் பெண் கொடுக்கிறவர் சேத்துப்பட்டுக்காரர். அன்று காலையில் விசாரித்துக்கொண்டு போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பழச இன்னாத்துக்குப்பா கிளறிகினு கீற? அவங்க தங்கமானவங்க" என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிட்டார். அந்தப் பெண் உள்ளே நின்று எட்டிப் பார்த்தது. சின்ன முகம். வீட்டுக்கு வருகிற வரைக்கும் பஸ்ஸில் எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

அந்த வயிற்றெரிச்சலோடுதான் சாயங்காலம் மாடியில் பெட்டியைப் பிரித்தேன். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் தெர்மாகோல். புதுச் சேலையை எப்படிப் பார்ப்பேனோ அப்படியே பார்த்தேன். குழாயைச் சாய்வான வெளிச்சத்தில் திருப்பிக் கீறல் இருக்கிறதா என்று பார்த்து, கண்ணாடியில் டார்ச் அடித்துத் தூசி பார்த்து, முக்காலியின் திருகு ஒவ்வொன்றையும் முடுக்கினேன். ஒரு குறை இல்லை. சுமதி மஞ்சள் குங்குமத்தோடு மேலே வந்தாள். தறியானாலும் பைக்கானாலும் பொட்டு வைக்காமல் எங்கள் ஊரில் ஓடாது. அவள் நேராக முன் கண்ணாடியில் வைக்கப் போக, பாய்ந்து கையைப் பிடித்தேன். கடைசியில் முக்காலியின் மூன்று காலுக்கும் வைத்துவிட்டு, நீயும் உன் மிஷினும் என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தாள்.

பக்கத்து வீட்டு பவர்லூம் ஓடினால் மாடியே அதிரும். அதனால் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன், நிறுத்தினார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அதிர்வில் ஆடியிருக்கும் என்று பிற்பாடு நீங்கள் சொல்லக்கூடாது. இருட்ட ஆரம்பித்ததும் சுவாதியையும் சித்திரையையும் காட்டி மிஷினுக்குத் திசை சொல்லிக்கொடுத்தேன். ஏற்றுக்கொண்டது. அப்புறம் மகம் நட்சத்திரத்தைத் தட்டினேன். மேற்கே போக வேண்டிய குழாய் குர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு வடக்கே திரும்பி நின்றது. கண்ணை வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் பக்கத்தில் வெளிச்சப் புள்ளிகள். வசிஷ்டரும் அருந்ததியும்.

சரி, நான்தான் தப்பாக அமைத்துவிட்டேன் என்று முதலிலிருந்து செய்தேன். சுவாதியைத் தட்டினால் அருந்ததி. சித்திரையைத் தட்டினால் அருந்ததி. நம்பினால் நம்புங்கள், எதைத் தட்டினாலும் அங்கேதான் போய் நின்றது. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டேன். மிஷினைப் பார்த்து இல்லை, அக்காவின் ஞாபகம் வந்துதான்.

அக்கா கல்யாணத்தில் வழக்கம்போல அம்மி மிதித்து, மெட்டி போட்டு, மண்டபத்துக்கு வெளியே கூட்டிக்கொண்டு வந்து, அருந்ததி தெரிகிறதா என்று ஐயர் கேட்டார். பட்டப்பகலில் எங்கே தெரியும்? எல்லாப் பெண்ணும் மேலே பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடும். எங்கள் அக்கா கள்ளம் கபடம் இல்லாதவள், "ஒண்ணும் தெரியலீங்களே" என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். தனசேகரின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பத்தினிக்குத்தான் அருந்ததி தெரியும் என்று அன்றைக்கு ஆரம்பித்தவள், உப்பு கூடினாலும் அதைச் சொன்னாள், பால்காரனிடம் இரண்டு வார்த்தை பேசினாலும் அதைச் சொன்னாள். கேட்டுக் கேட்டு அவனும் அதையே சொல்லி அடிக்க ஆரம்பித்தான். ஒரு நட்சத்திரத்தைச் சாக்கு வைத்து ஒரு பெண்ணைச் சாகடித்தார்கள். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

சுமதி எழுந்து வந்து, "இன்னாங்க இது, பேஜாரா கீது, மொதல்ல பேட்டரியக் கழட்டுங்க" என்றாள். கழற்றினேன். ரிமோட்டில் வெளிச்சம் அணைந்தது. பேட்டரி எல்லாம் என் உள்ளங்கையில் இருந்தது. அப்போது இன்னொரு முறை கண்ணை வைத்துப் பார்த்தேன், ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. அருந்ததி ஒரு கணம் மறைந்து திரும்ப வந்தது. மேகம் கிடையாது. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ கண்ணை வைத்து, ஒரு முறை மூடித் திறந்த மாதிரி இருந்தது.

நியாயமாகப் பார்த்தால் நான் பயந்திருக்க வேண்டும். எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "என்னய இன்னாத்துக்குக்கா பாத்துகினு கீற? நாளைக்கு அவனுக்குக் கல்யாணம். அங்க போய்ப் பாரு" என்று வாய்விட்டே சொன்னேன். சொல்லி முடித்ததும் மோட்டார் ஓடியது. பேட்டரி இல்லாமல்! குழாய் மெல்ல, ரொம்ப மெல்ல, வானத்தை விட்டு இறங்கி, வடக்குப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரின் அடியைப் பார்த்து மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. சுமதி என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் அழையாத கல்யாணத்துக்குப் போனேன். சுமதி தடுக்கவில்லை, தானும் வந்தாள். மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். அவன் அம்மா எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தாலி கட்டினான். அந்தச் சின்ன முகம் தலைகுனிந்து வாங்கிக்கொண்டது. அதைப் பார்த்ததும், அக்கா ஒன்றும் செய்யப்போவதில்லை, எல்லாம் என் பிரமை என்று தோன்றி அழுகை வந்தது.

அம்மி மிதித்து முடிந்து, இரண்டு பேரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்கள். வீடியோக்காரர் முன்னால் ஓடினார். ஐயர் கையைத் தூக்கி, "மேல பாருங்கோ, அருந்ததி தெரியறதா?" என்றார். பெண் மேலே பார்த்தது. சுற்றி நின்ற எல்லோரும் மேலே பார்த்தோம். அவன் மட்டும் பார்க்கவில்லை. அவன் கீழே பார்த்தான். காலுக்குச் சற்று முன்னால் சிமெண்ட் தரையைப் பார்த்தான். பார்த்தவன் தீயை மிதித்தவன் மாதிரி காலை இழுத்துக்கொண்டான்.

"கீழ கீறா" என்றான். "கீழருந்து பாத்துகினு கீறா."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவன் அம்மா ஓடிவந்து தோளைப் பிடித்து, "டேய், மேல பாருடா, எல்லாரும் பாத்துகினு கீறாங்க" என்றாள். அவன் அவளை உதறிவிட்டு, பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று கத்தினான்.

"நான் தள்ளலடி! கழுத்தத்தான் புடிச்சேன், தள்ளல! நீதான் உருண்ட!"

மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். கழுத்து என்று அங்கே யாரும் வாயெடுக்கவே இல்லை. பெண்ணின் அப்பா என்னைத் தேடிப் பார்த்தார், கூட்டத்தில் கண்டுபிடித்தார், அப்புறம் மகளின் கையைப் பிடித்து, கட்டிய தாலியோடு காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நாளில் தாலி திரும்பி வந்தது என்று கேள்வி.

வெறும் உளறல், இதையெல்லாம் சாட்சியாக எடுக்க முடியாது என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். எனக்கு அது போதும். அவன் நெய்வது குழித்தறி, தரையில் தோண்டிய குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்துதான் மிதிக்க வேண்டும். அவனால் இப்போது குழிக்குள் காலை இறக்க முடியவில்லை. கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம், தரையில் இறக்கிவிட்டால் அலறுகிறானாம். பாவம் என்று சொல்கிறார்கள். நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அக்கா அலறியபோது எத்தனை பேர் பாவம் என்றார்கள்?

நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. குற்றமுள்ள நெஞ்சு, எங்களைப் பார்த்ததும் பயந்துவிட்டான், அவ்வளவுதானே? நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். அன்றைக்கே வீட்டுக்கு வந்து, ரிமோட்டில் கல்யாண நேரத்தைக் கொடுத்து, அந்த நேரத்தில் அருந்ததி எங்கே இருந்தது என்று கேட்டேன். வானத்தில் இல்லை. அந்த நேரத்துக்கு அது அடிவானத்துக்கும் கீழே, வடக்கே, பூமிக்கு அந்தப் பக்கம். அவன் எட்டாவதுகூடத் தாண்டாதவன். நானே அதற்கு முன்னால் இப்படிக் கணக்குப் பார்த்தது கிடையாது. மண்டபத்துக்குப் போய் அவன் நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். அவன் காலை இழுத்துக்கொண்ட பக்கம் வடக்கு.

இப்போது மிஷின் ஒழுங்காக வேலை செய்கிறது. எந்த நட்சத்திரத்தைக் கேட்டாலும் சரியாகப் போய் நிற்கிறது. அருந்ததியைக் கேட்டால் மட்டும், அது வடக்கு வானத்தில் பளிச்சென்று இருக்கும்போதே, குழாய் மெல்ல இறங்கித் தரையைப் பார்க்கிறது. கம்பெனிக்குப் போன் போட்டேன். அனுப்பி வையுங்கள், சாப்ட்வேரை மாற்றினால் சரியாகிவிடும் என்றார்கள். நான் அனுப்பவில்லை. முள்ளிப்பட்டில் அவன் அம்மா இன்னும் நன்றாகத்தான் நடமாடிக்கொண்டிருக்கிறாள்.