மாமா கட்டிய சேலை

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் யாரிடம் கேட்டாலும் என் தாய்மாமாவைத் தெரியும் என்பார்கள். "சேலை கட்டிக்கிட்டு டிவில வருவாகளே, அவுகதான?" என்று மறுகேள்வியும் போடுவார்கள். ஆனால் சேலைக்கு முன்னால் மாமாவுக்கு ஒரு வேட்டிக் காலம் இருந்தது. ராயப்பன்பட்டி தேவாலயத் திருவிழாவோ, அனுமந்தன்பட்டிக் கோயில் பொங்கலோ, பாட்டுக் கச்சேரி மேடையில் பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் மாமாவைத்தான் மைக் முன்னால் தள்ளிவிடுவார்கள். குமுளி பஸ் கண்டக்டர் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகக் கூட்டத்தை உள்ளே தள்ளுவதை ஒற்றை ஆளாக நின்று பேசிக் காட்டுவார். சனம் உருண்டு புரண்டு சிரிக்கும். இப்போது அதற்கு ஸ்டாண்ட் அப் காமெடி என்று பெயர் வந்துவிட்டது. அன்றைக்கு என் அப்பா அதற்கு வைத்திருந்த பெயர் வேலைவெட்டி இல்லாத்தனம்.

மாமா வளர்ந்தது எங்கள் வீட்டில்தான். அம்மாவைப் பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டதால், அம்மா கல்யாணமாகி வரும்போது சீரில் கட்டில், பீரோ, தம்பி எல்லாம் சேர்ந்தே வந்ததாக அப்பா கேலி பண்ணுவார். அம்மா தன் தம்பிக்குச் சோறு போட்டது பாதி, திட்டுப் போட்டது பாதி. "ஏலே, தின்னியா?" என்று அவள் அன்பாகக் கேட்பதே அடிக்க வருவது போலிருக்கும்.

ஏதோ ஒரு மேடையில் மாமாவைப் பார்த்தவர்கள் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். முதலில் போட்டி நிகழ்ச்சி. அதில் தேறியதும், ஞாயிறுதோறும் குட்டி நாடகங்கள் போடும் நகைச்சுவை நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது. அந்தக் குழுவில் பெண்கள் யாரும் இல்லை. ஒல்லியாக இருந்த குற்றத்துக்காக மாமாவின் கையில் சேலையைக் கொடுத்துவிட்டார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் தெருவே கூடிவிட்டது. அம்மா கேசரி கிண்டி வைத்திருந்தாள். டிவியில் மாமா சேலையில் வந்தார். தம்பியைப் பஸ் ஏற்றிவிட வந்த ஓர் அக்கா வேஷம். முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு, கிளம்பிய பஸ்ஸைத் தட்டி நிறுத்தி, "ஏலே, முறுக்கப் பக்கத்துல இருக்கவனுக்கு எடுத்து நீட்டிராத! தலைய உள்ள இழு! டிரைவரண்ணே, இவன் தூங்குமூஞ்சி, எறங்கலேன்னா நாலு சாத்துச் சாத்துங்க!" என்றார். குரல், கை வீச்சு, கண்ணை உருட்டுவது எல்லாமே என் அம்மா. கூட்டம் டிவியைப் பார்த்துச் சிரித்தது, பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. அம்மா கரண்டியோடு நின்றிருந்தாள்.

"ஊரு சிரிக்கவா இவன வளத்தேன்?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அந்த அக்கா வேஷம் சனத்துக்குப் பிடித்துப்போய் வாராவாரம் வர ஆரம்பித்தது. ரேஷன் கடை வரிசையில் அம்மா வாயைத் திறந்தாலே யாராவது கிளுக்கென்று சிரித்தார்கள். அம்மா முந்தானையைச் சொருகுவதை விட்டாள். ஏலே போடுவதை விட்டாள். என்னைக்கூட "சாப்பிடும்மா" என்று சொன்னாள், எனக்குப் பயமாக இருந்தது. திட்டாத அம்மாவோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. நிகழ்ச்சி ஆரம்பித்தால் அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். மாமா போன் செய்தால், "குளிக்கப் போயிருக்கேன்னு சொல்லு" என்பாள். அந்த வருஷம் எங்கள் அம்மாவைப் போல் குளித்தவர்கள் கம்பம் பள்ளத்தாக்கில் கிடையாது.

இந்த நிலையில் என் தம்பிக்குக் காது குத்து வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எங்கள் பக்கம் யாருக்கும் காது குத்துவதில்லை. வெற்றிலை பாக்கோடு நேரில் போய் அழைக்க வேண்டும் என்பது முறை. அம்மா அசையவில்லை. அப்பா போனில் சொன்னதோடு சரி. மாமா வராவிட்டால் ஒன்றுவிட்ட மாமா ஒருவரை உட்கார வைத்துவிடலாம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அதோடு அக்கா தம்பி உறவு அறுந்தது என்றுதான் அர்த்தம்.

மாமா வந்துவிட்டார். மலையடிவாரக் குலதெய்வக் கோயிலுக்குச் சீர்த்தட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு தனியாக நடந்து வந்தார். அம்மா தட்டை வாங்கி வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. சனம் மாமாவைச் சூழ்ந்துகொண்டது.

"மாப்ள, அக்கா மாதிரி ஒண்ணு பண்ணுங்க!"

"இன்னைக்கு வேணாம், விடுங்க" என்று சொல்லிவிட்டு மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்து தம்பியை மடியில் வாங்கிக்கொண்டார். ஆசாரி ஊசியைக் கொண்டுவந்ததும் தம்பி அலறித் துள்ளினான். மாமா பயந்துபோய்ப் பிடியை விட்டார்.

"ஏலே! இதென்னடா பிடி? தலைய நெஞ்சோட சேத்து அமுக்குடா!" அம்மாவேதான். முந்தானை இடுப்புக்கு ஏறியிருந்தது. "அங்கன என்னத்தப் பாக்குற, டிவிக்காரகளா நிக்கிறாக? கண்ணு உள்ள போயி கெடக்கு, திங்கிறியா இல்லையா? இதுல சேல வேற! கொசுவம் கணுக்காலுக்கு மேல நிக்கிது. என்னைய மாதிரிக் கட்டுறவன் ஒழுங்காக் கட்ட வேணாமா?"

கோயிலே சிரித்தது. "நம்ம மாப்ள டிவில பண்றத இந்தப் புள்ள அப்படியே பண்ணுது பாரு!" என்று பெரியப்பா ஒருவர் மெச்சிக்கொண்டார். அடுப்படிக்குள் போய்விடுகிற அம்மாவுக்குக் கொசுவத்தின் உயரம் எப்படித் தெரிந்தது என்றுதான் நான் யோசித்தேன். தம்பியின் இரண்டு காதும் குத்தியாகிவிட்டது.

பந்தியில் அம்மாவே மாமாவின் இலைக்கு முன்னால் வந்து நின்று கறிக்குழம்பு ஊற்றினாள். மாமா குனிந்தபடியே, "எக்கா, இன்னுங் கொஞ்சம் திட்டுக்கா" என்றார்.

அடுத்த வாரத்துக்கு வசனம் சேர்க்கிறார் என்று நினைத்தேன். நம்மாலான உதவியாக இருக்கட்டும் என்று, "அவுக தலமுடி வளத்திருக்கதச் சொல்லித் திட்டும்மா" என்று எடுத்தும் கொடுத்தேன். அம்மா திட்டினாள், இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டே திட்டினாள். மாமா தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சென்னையில் அவரைப் பார்த்துச் சிரிக்க அத்தனை பேர் இருந்தும் திட்ட ஒருவர்கூட இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. கண்ணீர் இலையில் விழுந்ததைப் பார்த்து, குழம்பு காரம் போலிருக்கிறது என்று ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன்.