பெருக்காமல் விட்ட ஏழாம் வரிசை

"கேட் பாஸைக் கழட்டிக் குடு" என்றேன்.

செல்வி கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றி என் கையில் வைத்தாள். கூடையை ஓரமாகக் கவிழ்த்து வைத்துவிட்டு கேட்டைப் பார்த்து நடந்தாள். அரியலூர் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் மரம் வளர்ப்புக்கு சூப்பர்வைசராக இருந்த காலத்தில் நான் செய்த மகா முட்டாள்தனம் அதுதான். சுற்றுச்சூழல் படிக்கிற பிள்ளைகள் யாராவது "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க சார்" என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். ரிட்டையர் ஆன பிறகும் இதைச் சொல்ல ஆரம்பித்தால் என்னால் உட்கார முடியாது, எழுந்து நின்றுதான் சொல்வேன்.

1. டம்பும் துடைப்பமும்

கல்லை எடுக்க வேண்டுமென்றால் மேலே இருக்கிற மண்ணை முதலில் அள்ளி ஓரத்தில் கொட்ட வேண்டும். கொட்டிக் கொட்டி அது குன்றாகிவிடும். அதைத்தான் டம்ப் என்போம். அதைச் சமப்படுத்தி மரம் வளர்த்தாக வேண்டும். நாங்கள் வேம்பும் புங்கனும் பத்து வரிசை நட்டோம். டேங்கரில் தண்ணீர் ஊற்றினோம், யூரியா வைத்தோம், மருந்தடித்தோம். இரண்டு மழைக்காலம் போயும் கன்றுகள் என் முழங்காலைத் தாண்டவில்லை. இலையெல்லாம் காமாலை வந்த மாதிரி மஞ்சள்.

சிமென்ட் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்நேரமும் தூசியிலேயே கிடப்பதால் சுத்தம் என்றால் ஒரு வெறி. மரம் வளர்ப்பைப் பார்க்க அதிகாரிகள் விசிட் வருகிறார்கள் என்று தெரிந்தால் பாதையோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளையடித்து, மரத்தடியில் ஒரு சருகு இல்லாமல் பெருக்கிவிடுவோம். விசிட் இல்லாத நாளிலும் காலையில் முதல் வேலை அதுதான். ஆபீஸ் ரோட்டுப் பெரிய புங்க மரங்கள் கொட்டுகிற இலை, கன்றுகளுக்கடியில் விழுகிற இலை, எல்லாவற்றையும் கூட்டி டம்பின் கடைக்கோடியில் இருக்கிற குழியில் போட்டு எரிக்க வேண்டும். இந்த விதியை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டியவன் யார் என்கிறீர்கள்? நானேதான்!

செல்வி ஜெயங்கொண்டம் பக்கத்து ஊரிலிருந்து டவுன் பஸ் பிடித்து வருகிறவள். நாற்பது வயது இருக்கும். வீட்டுக்காரருக்கு முதுகு முடியாமல் போனதிலிருந்து அந்த வீட்டில் வேலைக்குப் போவது அவள் ஒருத்திதான். அது எனக்கும் தெரியும். தெரிந்தும், விசிட்டுக்கு நான்கு நாள் இருக்கும்போது அவள் சருகுக் கூடையைக் குழிக்குக் கொண்டுபோகாமல் சரிவுக்கு அந்தப் பக்கம் ஏழாம் வரிசைக்குள் கொட்டுவதைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. பைக்கில் உட்கார்ந்தபடியே கத்தினேன். கூடையைப் பார்த்தேனே தவிர, கூடைக்குப் பக்கத்தில் நின்ற கன்றைப் பார்க்கவில்லை. கேட் பாஸோடு மேனேஜருக்கு ஒரு மெமோவும் போட்டுவிட்டேன்.

2. டேப்பைச் சந்தேகப்பட்டேன்

மறுநாள் விசிட்டுக்கான ரிப்போர்ட்டுக்காக உயரம் அளக்கப் போனேன். எப்போதும் டேங்கர் ரோட்டை ஒட்டிய முதல் இரண்டு வரிசையை அளந்துவிட்டு மற்ற எட்டுக்கும் அதையே எழுதிவிடுவோம். இந்தத் தடவை விசிட்டுக்கு வருகிற அதிகாரி மேடம் ஒவ்வொரு வரிசையாக நடந்து பார்ப்பவர் என்று கேள்விப்பட்டதால் எல்லாவற்றையும் அளந்தேன். ஒன்று முழங்கால். இரண்டு முழங்கால். ஆறு வரைக்கும் அதே கதை. ஏழாவதில் டேப்பை இழுக்கிறேன், என் நெஞ்சுக்கு வந்து நிற்கிறது!

டேப் அறுந்து ஒட்டியதோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடுத்த கன்று, அதுவும் நெஞ்சு. அதற்கடுத்தது என் தோளுக்கு வந்தது. இலை கரும்பச்சையாகப் பளபளவென்று இருந்தது. எட்டாவது வரிசைக்கு ஓடினேன். முழங்கால். மறுபடி ஏழுக்கு ஓடி வந்து மண்டியிட்டுக் கையை விட்டேன். மேலே காய்ந்த சருகு. அதற்குக் கீழே பாதி மக்கிய சருகு, அதில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை நூல். இன்னும் கீழே போனால் மண் ஈரமாக, கறுப்பாக இருந்தது. டேங்கர் வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. பக்கத்து வரிசை மண்ணில் கடப்பாரை போட்டால் நெருப்பு வரும், இங்கே என் விரல் இறங்குகிறது! ஒரு மரவட்டை சுருண்டது. அப்புறம் வழவழவென்று ஒன்று நெளிந்தது.

"மண்புழுடா!" என்று கத்தினேன். கேட்க அங்கே யாருமில்லை. தள்ளி நின்று சருகைக் கிளறிக்கொண்டிருந்த ஏழெட்டுத் தவிட்டுக்குருவிகள்தான் என்னைத் திட்டிவிட்டுப் பறந்தன.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இலை விழுகிறது, பூஞ்சையும் புழுவும் அதைத் தின்று மண்ணாக்குகின்றன, மண்ணிலிருந்த சத்து மறுபடி வேர் வழியாக இலைக்கே போகிறது. புழுவைக் குருவி தின்கிறது, அதன் எச்சமும் மண்ணுக்கே வருகிறது. எல்லாம் பாடத்தில் படித்ததுதான். சத்துச் சுழற்சி என்று வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, பரீட்சையில் முழு மார்க் வாங்கியவன் நான். வாங்கி என்ன பிரயோஜனம்? தினமும் காலையில் அந்த வட்டத்தைத் துடைப்பத்தால் அறுத்து, குழியில் போட்டு நெருப்பு வைத்துக்கொண்டிருந்தேனே! இலை வழியாகப் போன சத்தை எரித்துவிட்டு யூரியா மூட்டையைப் பிரித்திருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பைக்கை நேரே ஜெயங்கொண்டம் ரோட்டில் விட்டேன்.

3. "நெசத்தச் சொல்லட்டுமா?"

வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும் செல்வி பயந்துவிட்டாள்.

"சார், அதான் அட்டையக் குடுத்துட்டேனே. வூடு வரைக்கும் வந்து திட்டணுமா?"

"திட்ட வரலம்மா. ஏழாவது வரிசைல எத்தன நாளா கொட்டுற?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நெசத்தச் சொல்லட்டுமா? கன்னு வச்ச மொத மழையிலேருந்து. அந்தக் குழி இருக்கே, வெயில்ல கூடையத் தூக்கிட்டு நடந்து பாருங்க, அப்ப தெரியும். ஏழாவதுதான் ஆபீஸ் ரோட்டுக்குப் பக்கம், சரிவுல மறைவாவும் இருக்கு. குமிச்சு வச்சா உங்க கண்ணுல பட்டுடும்னு ஒவ்வொரு கன்னு அடியிலயும் கொஞ்சம் கொஞ்சமா தூவி உட்டுடுவேன். தப்புதான் சார்."

குமித்துக் கொட்டியிருந்தால் ஒரு இடத்தில் அழுகிக் கிடந்திருக்கும். எனக்குப் பயந்துகொண்டு பரப்பிவிட்டதால் வரிசை முழுக்க மண்ணுக்குப் போர்வையாக மூடாக்கு போட்ட மாதிரி ஆகிவிட்டது. நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து அவள் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "யாரு செல்வி, சாருக்கு என்னாச்சு?" என்று கேட்டார்.

"தப்பு என்னோடதும்மா. விசிட் அன்னைக்கு காலைல கேட் பக்கத்துல வந்து நில்லு. உன் அட்டை உன் கைக்கு வரும்" என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டேனே தவிர, அட்டையைத் திருப்பிக் கொடுக்கிற அதிகாரம் என்னிடம் இல்லை. மெமோ மேனேஜர் மேஜைக்குப் போய்விட்டது.

4. விசிட்

மேனேஜர் ராஜசேகர் சார் நான் சொன்னதைப் பாதிகூடக் கேட்கவில்லை. "என்னய்யா ஜெயராமன், விசிட் அன்னைக்குக் குப்பையக் காட்டப் போறியா? பாம்பு வரும், தீப்பிடிக்கும். ஏழாவதையும் பெருக்கி முடி. அந்தம்மா விஷயத்துல நீதானே மெமோ குடுத்த? இப்ப நீயே வேணாங்குற. நல்லா இருக்குய்யா!"

நான் பெருக்கவில்லை. தீ தாண்டாமல் இருக்க வரிசையின் இரண்டு பக்கமும் மூன்றடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக மட்டும் விட்டேன்.

மேடம் வந்தார். ஒன்றாம் வரிசை, இரண்டாம் வரிசை, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஏழுக்கு வந்ததும் நின்றார். மேனேஜர் என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. மேடம் செருப்பைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து சருகுக்குள் கையை விட்டார். கறுப்பு மண்ணை அள்ளி மூக்குக்கிட்டே கொண்டுபோனார்.

"புது மழை பெஞ்ச வாசன வருது! யாருங்க இத செஞ்சது?"

மேனேஜர் சட்டென்று, "எங்க சூப்பர்வைசர்தான் மேடம்" என்றார். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் முடிந்தது. பேர் எனக்கு, கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்பது அவள்.

"நான் இல்லைங்க மேடம். செல்வின்னு ஒரு அம்மா. இப்படிக் கொட்டுனதுக்காக நாலு நாளைக்கு முன்னாடி நான்தான் அவங்கள வேலைய விட்டு நிறுத்துனேன். கேட் பக்கத்துல நிக்கிறாங்க."

மேடம் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் போனை எடுத்து, "கேட்ல ஒரு அம்மா நிக்கும், உள்ள உடு" என்றார்.

செல்வி வந்து நின்றாள். "ஏம்மா, சருக இங்க போடணும்னு எப்படித் தோணுச்சு?" என்று மேடம் கேட்டார். பெரிதாக ஏதாவது சொல்லிவிடேன் தாயே என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

"குழி தூரம்ங்க" என்றாள் செல்வி.

மேடம் சிரித்துவிட்டார். பின்னாடியே மேனேஜரும் சிரித்தார். மற்ற ஒன்பது வரிசைக்கும் இதையே செய்து காட்டுங்கள் என்று எழுதிவிட்டு மேடம் கிளம்பினார். மெமோவை மேனேஜரே கிழித்துப் போட்டார்.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். அளக்கப் போனால் எல்லா வரிசையையும் அளந்து பாருங்கள். ஒரு இடம் மட்டும் நன்றாக வருகிறதென்றால் அங்கே உங்கள் விதியை யாரோ மீறியிருக்கிறார்கள். அவர்களைத் திட்டுவதற்கு முன்னால் மண்டியிட்டு மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.

அன்று மத்தியானம் செல்விக்குப் புது அட்டை எழுதினேன். பழையதில் வேலை என்ற இடத்தில் 'பெருக்குதல்' என்று இருந்தது. புதியதில் 'மண் வளர்ப்பு' என்று எழுதிக் கொடுத்தேன். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கடைக்கோடிக் குழி இருக்கும் திசையை ஒருமுறை பார்த்தாள்.

"அப்ப இனிமே அங்க நடக்க வேணாம்ல சார்?"