போலி என்று சொன்ன கேசட்

பழைய வீடியோ கேம் கேசட்டுகள் அசலா போலியா என்று பார்த்துச் சொல்வது என் தொழில். ஒருநாள் குமாரபாளையத்திலிருந்து ஒரு பெண் போனில் அழுதார்.

"தவறிப்போன எங்க பையன் வெளையாண்ட கேசட்டுங்க. அவங்கப்பா விக்கறதுக்கு எடுத்துட்டு வாராருங்க. டூப்ளிகேட்டுன்னு சொல்லிப்போடுங்க."

மதியம் அந்தத் தகப்பன் வந்தார். புருவத்தில் தறிப்பட்டறைப் பஞ்சு ஒட்டியிருந்தது. பேசும்போதெல்லாம் கேசட்டை வேட்டி நுனியால் துடைத்தார். திருகாணியைக் கழற்றி உள்ளே பார்த்தேன். கிடைப்பதற்கரிய அசல்.

"டூப்ளிகேட்டுங்க," என்றேன்.

"நெசமாங்களா?" கேசட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தேம்பினார். "நல்லதாப் போச்சு சாமி. நின்னுபோன தறிக்கு வேற ஏதாச்சும் வழி பாக்கறேன்."

என்ன வழி பார்த்தார் என்று விசாரிக்க எனக்கு இன்றுவரை துணிவு வரவில்லை.