மஞ்சள் மறைத்த வெளுப்பு

1954 ஆகஸ்ட்: தோலைப் பாதிக்கும் லூப்பஸ் நோய்க்காக என் மகள் உண்ட மருந்து தோலை மஞ்சளாக்கும், ரத்தத்தையும் குறைக்கலாம், மாதந்தோறும் சோதிக்க வேண்டும் என்று நாகர்கோவில் மருத்துவர் சொல்லியிருந்தார்.

செப்டம்பர்: என் மனைவி காலமானாள். சோதனை தவறியது.

அக்டோபரில் மகள் சோதனைக்கு வர மறுத்தாள். “மஞ்சள் தேச்சுக் குளிச்சாலும் இந்த நெறம் வராதுல்லா அப்பா? பொறவு எதுக்கு ஊசி குத்தணும்?”

நானும் அந்நிறத்தை நலமென்றே நம்பினேன். மருந்து தீர்ந்ததால் மட்டுமே போனோம்.

மருத்துவர் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். “மஞ்சளை நம்பாதீங்க சார், உள்ளே வெளுத்துக் கெடக்கு.”

சோதனையும் அதையே சொன்னது. உடனே மருந்தை நிறுத்தினார். இப்போது ரத்தம் ஊறி, நலமாக இருக்கிறாள்.

இனி முகம் பார்த்து நான் முடிவெடுப்பதில்லை, சோதனை தவறுவதுமில்லை.

செய்யாமல் நிற்பவை: மருத்துவருக்கு நன்றி சொல்வது; மனைவியின் மஞ்சள் உரசும் கல்லைக் கிணற்றடியிலிருந்து எடுத்து வைப்பது.